கோகிலா அக்காவின் மாவுக்கட்டு

மார்ச் 11, செவ்வாய்

கோகிலா அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கணுக்காலில் எலும்பு முறிவு. முழங்கால்வரை மாவுக்கட்டு போட்டு மாலை ஐந்து மணிக்குக் கூட்டிவந்தார்கள். ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது.

காலையில் படியைத் துடைத்த வேலைக்காரி சரசாள் ஈரத்தை ஒற்றாமல் போய்விட்டாளாம். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அந்த நேரத்தில் மேலே எங்கள் அறையில் படுத்திருந்தேன்.

இந்த நோட்டு கோயமுத்தூர் நரம்பு டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்னது. என்றைக்கு எங்கே மரத்தது, எவ்வளவு நேரம் என்று முன்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். இன்று நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். டாக்டருக்கு வேண்டாத விஷயங்களும் இருக்கின்றன.

கட்டிலைக் கூடத்தில் போட்டு அக்காவைப் படுக்க வைத்தார்கள். காலுக்குக் கீழே மூன்று தலையணை. அதில் ஒன்று என்னுடையது.

மார்ச் 12, புதன்

பதினேழு பேர் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ஒருவர் முருங்கைக்கீரைகூட. அத்தை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறார். சொல்லச் சொல்ல ஈரம் பெருகிக்கொண்டே போகிறது. காலையில் ஒரு படியில் இருந்த தண்ணீர் சாயங்காலத்துக்குள் நான்கு படிக்கு வந்துவிட்டது.

எல்லோரும் முதலில் மாவுக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். பிறகு அக்காவின் முகத்தை. பிறகு "ச்சூ" கொட்டுகிறார்கள். யாரும் "நிஜமாகவே வலிக்குதா?" என்று கேட்கவில்லை.

எனக்கு நோய் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மின்கம்பியின் மேல் ரப்பர் உரிந்தால் எப்படியோ, அப்படி என் நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறது என்றார் டாக்டர். திடீரென்று கை மரக்கும், கண் மங்கும். எதுவும் செய்யாமலே ஒரு நாள் முழுக்க வயலில் நின்றவள்போல் சோர்ந்து விழுவேன். வெளியே ஒன்றும் தெரியாது. நோய் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசல்கதவைச் சாத்தினார்.

"வெளிய ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடக்கூடாது கண்ணு. நாளைக்கு நம்ம ஹரிணிக்கு மாப்பிள்ளை பாக்கோணும். வீட்டுல நரம்புச் சீக்குன்னா எவன் வருவான்?"

ஹரிணி கோகிலா அக்காவின் மகள், என் கணவரின் அண்ணன் பெண். அப்போது பதினெட்டு வயது. அன்றையிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் உடம்பு வளையாதவள். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

சரசாளை நிறுத்திவிட்டார்கள். பதினாலு வருடம் இந்த வீட்டில் வேலை செய்தவள். "காஞ்ச துணி போட்டு ஒத்திட்டுத்தானுங்க போனேன்" என்று வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தை காதில் வாங்கவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு, மூலைவீட்டு டீச்சர், எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்த மூன்று வீடுகளிலும் அவள்தான் வேலைக்காரி.

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே போகவில்லை.

மார்ச் 17, திங்கள்

வேறு ஆள் கிடைக்கவில்லை. ஐந்து பேருக்கும் வருகிறவர்களுக்கும் சமையல், பாத்திரம், துணி, அக்காவுக்கு உடம்பு துடைத்துவிடுவது எல்லாம் நான். வாக்கரோடு அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போகும்போது யார் யாரைப் பிடித்திருக்கிறோம் என்று எனக்கே தெரியவில்லை.

அத்தை தானே கடைக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கிவந்து சூப் வைத்தார். தானே ஆற்றி, தானே ஊட்டினார். போன வருடம் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை என் அறை வாசலில் நின்று, "எந்திரிச்சு நடமாடுனாத்தான் செரியாகும் அம்மிணி" என்றவர் இவர்தான்.

சூப் வாசனை மாடிவரை வந்தது. எனக்கு ஆட்டுக்கால் பிடிக்காது. ஆனாலும் இரண்டு தடவை கீழே இறங்கி, மீதம் இருக்கிறதா என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

வலது கண்ணோரம் மங்கல். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்றார்கள்.

மார்ச் 24, திங்கள்

பெருந்துறைப் பெரியம்மா வந்திருந்தார். அக்காவின் காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் கை கடுத்து, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தேன்.

"இவ ஒருத்தி ஓடியாடி இந்த ஊட்டைச் சொமந்தா. கண்ணு பட்டுருச்சு. நீ கல்லாட்டம் இருக்கறயே, இனியாச்சும் கொஞ்சம் வளைஞ்சு குடு அம்மிணி."

அத்தை வாயைத் திறக்கவில்லை. அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கோயமுத்தூருக்கு முதல் தடவை என்னோடு வந்தவளே அவள்தான். ஸ்கேன் எடுக்கும்போது வெளியே என் தாலியையும் வளையலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாடிக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கல் மாதிரிதான் இருக்கிறேன். கன்னம் வற்றவில்லை, கண் குழியவில்லை. இந்த உடம்பு எனக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

மார்ச் 29, சனி

ஹரிணி கோயமுத்தூர் விடுதியிலிருந்து வந்தாள். அம்மாவின் மாவுக்கட்டில் கலர் பேனாவால் பூ வரைந்தாள். எல்லோரும் பெயர் எழுத வேண்டுமாம். அத்தைகூட எழுதினார். இவர் கடையிலிருந்து வந்து "பிரபாகர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் போட்டார். என் கணவர் படம் வரைந்து நான் பார்த்ததே இல்லை.

"பானு, நீயும் எழுது" என்றாள் அக்கா.

பேனாவை வாங்கினேன். விரல்கள் அதைப் பிடித்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "பா" மட்டும் எழுதி, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். பால் இல்லை.

எனக்கு ஒரு மாவுக்கட்டு வேண்டும். அசிங்கமான ஆசைதான். ஆனால் வேண்டும். மூளைக்கு மேல் போட முடியுமானால் தலை முழுக்கப் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருப்பேன்.

ஏப்ரல் 2, புதன்

உழவர் சந்தையில் சரசாளைப் பார்த்தேன். கீரைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"கோகிலாம்மா கால் எப்படீங்க?"

"பரவாயில்ல சரசக்கா."

"மூணு ஊட்லயும் நிறுத்திட்டாங்க அம்மிணி. அஜாக்கிரதைக்காரின்னு பேராயிருச்சு." கையிலிருந்த கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "நான் ஒத்திட்டுத்தான் போனேன். நீங்க அப்ப கீழ தண்ணி பிடிச்சிட்டு இருந்தீங்க. உங்களுக்காச்சும் தெரியுமில்லீங்?"

"வெயிலாயிருச்சு, வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் திட்டு.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அன்று பதினொன்றரை மணிக்குக் குடிதண்ணீரைக் கீழே பிடித்து, சின்னக் குடத்தில் மேலே கொண்டுபோனேன். எட்டாவது படியில் கை என்னுடையதாக இல்லை. குடம் சாய்ந்து பாதித் தண்ணீர் கொட்டியது. சத்தம்கூட அதிகம் இல்லை. துடைக்க வேண்டும் என்று தெரியும். கீழே போய்த் துணி எடுத்துவர எட்டுப் படி. அந்த எட்டுப் படியை என்னால் நினைக்கவே முடியவில்லை. கொஞ்ச நேரம் படுத்து எழுந்து துடைக்கலாம் என்று அறைக்குப் போனேன். கண் சொக்கிவிட்டது.

அக்காவின் அலறல்தான் எழுப்பியது.

இதுவரை எழுதியது நோயின் மேல் போய்விடும். இனி எழுதுவது போகாது. அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, "தெரியட்டும்" என்பது. ஐயோ என்றுகூட இல்லை. தெரியட்டும். அதற்குப் பிறகுதான் எழுந்து ஓடினேன்.

டாக்டருக்கு எழுதும் முன்பக்கத்தில் பதினொன்றாம் தேதிக்கு நேராக "சாதாரணம்" என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்றும் சொல்லவில்லை. அத்தை சூப் வைத்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். ஆண்கள் வீட்டில் இல்லை. அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி.

"அக்கா, அன்னைக்குத் தண்ணி கொட்டுனது சரசாள் இல்ல. நான்."

பின்னலை முடித்து ரப்பர் போட்டேன். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"கை மரத்துப்போச்சா?"

"ஆமாங்க்கா."

"ஏன் அப்பவே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"பயமா?" திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "ஒரு மாசமா என்ற காலைத் தொடச்சு உடறே. நான் உன்னை மகராசின்னு வாழ்த்தறேன். கேட்டுட்டே இருந்திருக்கறே."

சரசாளை மறுபடி கூப்பிட வேண்டும், அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம். வர்ற இருவதாம் தேதி தாராபுரத்துக்காரங்க ஹரிணியப் பாக்க வராங்க. எப்படிக் கொட்டுச்சு, ஏன் கொட்டுச்சுன்னு பேச்சு வளரும். உன்ற சமாச்சாரம் வெளிய வரும். நிச்சயம் ஆகட்டும் பானு. அப்புறம் நானே சொல்றேன்."

"அதுவரைக்கும் சரசாள்?"

"நாலு வருசம் பொறுத்தே. இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டயா?"

நான் பொறுத்தது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

தாராபுரத்துக்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். காலை நாலரையிலிருந்து நின்றபடி கேசரி, பஜ்ஜி, சாப்பாடு. வெயில் ஏற ஏறக் கண் மங்கியது. குனிந்தால் கழுத்திலிருந்து முதுகுவரை மின்சாரம் அடித்தது. ஹரிணிக்குப் பூ வைத்துவிட்டேன். இரண்டு தடவை குத்திவிட்டேன்.

கூடத்தில் அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டை முக்காலியில் நீட்டியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலோட எப்படீங்க இவ்வளவும் பண்ணுனீங்க?" என்றார். அக்கா சிரித்தாள். அத்தை வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"வேலைக்காரி பண்ணுன வேலைங்க. படியத் தொடச்சவ ஈரத்த ஒத்தாமப் போயிட்டா. அந்தச் சனியனை அன்னைக்கே..."

"சரசாள் இல்லைங்க" என்றேன். கையில் பஜ்ஜித் தட்டு. "தண்ணி கொட்டுனது நான். எனக்குத் திடீர்னு கை மரத்துப்போகும். நரம்புல வியாதி. நாலு வருசமா மருந்து சாப்பிடறேன்."

மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, தன் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"ஒட்டுற சீக்குங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லைங்க" என்றேன்.

சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள்.

சரசாளுக்காகத்தான் சொன்னேன். அவளைச் சனியன் என்றதும் தாங்கவில்லை. அதுதான் காரணம்.

ஏப்ரல் 21, திங்கள்

தாராபுரத்திலிருந்து போன் வந்தது. ஆடி கழியட்டும், பார்க்கலாம் என்றார்களாம். சித்திரையிலேயே ஆடி கழியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. இவர் மட்டும், "ஒரு மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருந்தா என்ன? அதே சரசாள், அதே தண்ணிதானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டே, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டார்.

நேற்று எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தின வரிகளில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மத்தியானம் ஹரிணி மாடிக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைத் திட்டப் போகிறாள் என்று எழுந்து உட்கார்ந்தேன். போனில் எதையோ படித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சித்தி, இது வலிக்குமா?"

நாலு வருடத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

"சில நாள் வலிக்கும். மீதி நாள், வலிச்சாத் தேவலைன்னு இருக்கும். ஒண்ணுமே தெரியாது பாரு, அதுதான் கஷ்டம்."

போகும்போது, "எங்கம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம் சித்தி" என்றாள். கேட்டேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

சரசாள் வீட்டுக்குப் போனேன். ஓடைப்பள்ளத்துக்குப் பக்கம். நடந்து போனதில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கத்தவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்கலாமா என்று யோசித்து, தரையில் வைத்தாள்.

"திரும்ப வந்துருங்கக்கா. அத்தைகிட்டப் பேசிட்டேன்."

"வேண்டாமுங்க. பள்ளிக்கூடத்துல கூட்டற வேலை சொல்லியிருக்கறாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சந்தையில கேட்டனுங்களே அம்மிணி. அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே. அந்த மூணு ஊட்லயும் நான் இல்லீன்னு நீங்க சொல்லிப்போடுங்க. அது போதும்."

சாயங்காலம் மூன்று வீட்டுக்கும் போனேன். சரசாள் இல்லை என்றால் யார் என்று கேட்பார்கள். நான் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மூன்று இடத்திலும் நோயின் பெயரைச் சொன்னேன். எதிர்வீட்டம்மா, "உங்களைப் பாத்தாத் தெரியவே இல்லையே" என்றார். பக்கத்து வீட்டில், "நல்லாத்தான இருக்கறீங்க?" மூலைவீட்டு டீச்சர் நம்பினார். நம்பிவிட்டு, தன் பேத்தியைத் தூக்கி என் மடியில் வைக்கப் போனவர் வைக்காமல் நிறுத்திக்கொண்டார்.

நம்பினால் இப்படி, நம்பாவிட்டால் அப்படி.

ஏப்ரல் 24, வியாழன்

அக்காவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. கால் மட்டும் வற்றிச் சுருங்கி, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. பயிற்சி செய்யச் செய்ய மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும், அதுவரை வலி இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

பெயர்கள் எழுதிய மாவுக்கட்டை ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

கூடத்துக் கட்டிலைக் கழற்றி உள்ளே வைத்தாகிவிட்டது. பெருந்துறைப் பெரியம்மா மறுபடி வந்திருந்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு காபி கொண்டுவந்தாள். புடவை கணுக்காலை மறைத்திருந்தது.

"அதான் கட்டுப் பிரிச்சாச்சே? இன்னும் என்ன நொண்டல்? பழக்கமாயிரும் பாரு" என்றார் பெரியம்மா.

"நானும் அதத்தானுங்க சொல்றேன்" என்றார் அத்தை. "எந்திரிச்சு நடமாடுனாத்தான் செரியாகும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. பொய் எழுதி என்ன பயன்? நன்றாக இனித்தது. அதைச் சுவைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன்.

அக்கா அங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் கணுக்காலை அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். முடியவில்லை.

"கோகிலா, தோசை என்னாச்சு?" கூடத்திலிருந்து அத்தை.

"அக்காவுக்குக் கால் வலிக்குது அத்தை. நான் ஊத்தறேன்" என்று கத்தினேன்.

"உனக்குத்தான் கை வராதே?"

"இன்னைக்கு வருது."

கல்லில் தண்ணீர் தெளித்து மாவை ஊற்றினேன். எட்டு நாளுக்குப் பிறகு அக்கா வாயைத் திறந்தாள். என்னிடமா, காலிடமா என்று தெரியாத குரல்.

"வலிக்குதுன்னா நம்ப மாட்டீங்கறாங்க பானு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். "தெரிஞ்சுதா?" என்று கேட்டிருப்பேன். தோசையைத் திருப்பினேன். கொஞ்சம் பொறுத்து, "நான் நம்பறேன்க்கா" என்றேன்.

அவள் அழுதாள். கல்யாணம் தட்டிப்போனதற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். பதினொரு தோசை ஊற்றினேன். இரண்டு கருகிவிட்டன. அந்த இரண்டையும் அங்கேயே நாங்கள் இருவரும் தின்றோம்.

மாடிக்கு வந்து முன்பக்கத்தைத் திருப்பி, மார்ச் பதினொன்றுக்கு நேரே இருந்த "சாதாரணம்" என்பதை அடித்துவிட்டு, "வலது கை, பதினொன்றரை மணி, குடம் சாய்ந்தது" என்று எழுதினேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அக்காவுக்கு மூன்று மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜூலை கடைசியில் அவள் இந்தப் படியில் ஓடி ஏறுவாள். எனக்கு யாரும் மாதம் சொல்லவில்லை.